அங்கே 180, இங்கே 10



இந்த மாதம் ஒரு சின்னக் கணக்கோடு தொடங்குவோம். பயப்பட வேண்டாம். பெருக்கல் வாய்ப்பாடு தெரிந்த பிள்ளை போடக்கூடிய கணக்குத்தான்.

நம் நாட்டுக் கிளினிக்கில் இரத்தத்தில் சர்க்கரை பார்த்தால், பாட்டியின் புத்தகத்தில் ‘10’ என்று எழுதிக் கொடுப்பார்கள். தமிழ்நாட்டிலிருந்து விருந்துக்கு வந்திருக்கும் சித்தியோ, “எனக்குப் போன மாசம் 180 இருந்துச்சு” என்பார். கேட்ட வீட்டார் வாயைப் பிளப்பார்கள். நூற்றெண்பதா! இந்த மனுஷி எப்படி நடமாடுகிறாள் என்று தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள். உண்மையில் பாட்டிக்கும் சித்திக்கும் சர்க்கரை ஒரே அளவுதான். இந்தியாவில் மில்லிகிராம் கணக்கில் அளக்கிறார்கள். மலேசியாவில் மில்லிமோல் என்று வேறோர் அளவு. நம் எண்ணை 18-ஆல் பெருக்கினால் அவர்கள் எண் வந்துவிடும். 10-ஐ 18-ஆல் பெருக்கிப் பாருங்கள், 180. வெறும் வயிற்றில் 7 வந்தால் நீரிழிவு என்று இங்கே சந்தேகிப்பார்கள். அதையே அங்கே 126 என்பார்கள். இரத்தமும் ஒன்று, சர்க்கரையும் ஒன்று. அளவுகோல்தான் வேறு.

சர்க்கரை நோய் எட்டிப் பார்க்காத வீடு நம்மிடையே குறைவு என்பதால் இந்தக் கணக்கு எல்லாருக்கும் பயன்படும். ஆனாலும் நான் இதை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் வேறு.

எங்கள் பள்ளி சுங்கை வே பக்கம் இருக்கிறது. தோட்டம் போய்ப் பல காலமாயிற்று. பள்ளியின் பெயரில் மட்டும் தோட்டம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. விளையாட்டுப் போட்டிக்குப் பயிற்சி நடந்துகொண்டிருந்தபோது ஒரு பையன் விழுந்து கையைப் பிடித்துக்கொண்டு அலறினான். மகளை அழைத்துப் போக வந்திருந்த ஒரு தாய் ஓடி வந்தார். தன் துப்பட்டாவை மடித்துக் கையைத் தூக்கிக் கட்டினார். பிறகு அவன் விரல்களை அசைக்கச் சொன்னார். நகத்தை ஒருமுறை அழுத்திவிட்டு, இரத்தம் திரும்பி ஓடுகிறதா என்று நிறத்தைப் பார்த்தார். “எலும்புல வெடிப்பு இருக்கலாம் டீச்சர். படம் எடுக்கணும். சாப்பிட எதுவும் குடுக்காதீங்க” என்றார். அவ்வளவும் ஒரு நிமிடத்துக்குள். அவர் பதறவும் இல்லை, குரலை உயர்த்தவும் இல்லை.

பிறகுதான் விசாரித்தேன். திருச்சியில் ஆறு வருஷம் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவராம். இங்குள்ள நம் பையன் ஒருவரைக் கட்டிக்கொண்டு வந்தவர். இப்போது விடியற்காலையில் மாமியாரோடு உட்கார்ந்து நாசி லெமாக் பொட்டலம் மடிக்கிறார். அவர் சொன்ன ஒரு வார்த்தைதான் மேலே சொன்ன கணக்கு. “அத்தையை முதல் தடவை கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போனேன் டீச்சர். சுகர் பத்துன்னாங்க. பத்துன்னா நல்லதா கெட்டதான்னு எனக்குத் தெரியல. ஆறு வருஷம் வார்டுல நின்னவ நான். படிச்சதெல்லாம் போச்சோன்னு அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரல.”

படித்தது எங்கும் போகவில்லை. 18-ஆல் பெருக்க வேண்டும் என்று அவருக்குச் சொல்ல ஓர் ஆள் இல்லை. இந்த மாதக் கட்டுரை முழுவதும் அவ்வளவுதான். நாடு மாறி வந்த டாக்டர், தாதி, மருந்தாளர் ஆகியோருக்கு எந்த இடத்தில் கை கொடுக்க வேண்டும், யார் கொடுத்திருக்கிறார்கள், நாம் என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.

வந்தவர்கள் காத்த உயிர்கள்

“வெளிநாட்டுக்காரர் வேலைக்கு நாம் ஏன் கவலைப்பட வேண்டும்?” என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பதிலுக்கு நம் தோட்டக் கதையையே திருப்பிப் பார்ப்போம்.

1901-இல் கிள்ளானில் மலேரியா ஆட்களை வாரிக்கொண்டு போனது. அங்கே அரசாங்க டாக்டராக இருந்த மால்கம் வாட்சன் என்பவர் சதுப்பு நிலத்தில் வடிகால் வெட்டச் சொல்லிக் கொசுவை ஒடுக்கினார். பிறகு தோட்டங்களிலும் அந்த வேலை நடந்தது. அவர் ஸ்காட்லாந்து தேசத்தவர். நம் பாட்டன்மார் காய்ச்சலில் கிடந்தபோது கொய்னா கொடுத்த டிரஸர்மாரில் பலர் யாழ்ப்பாணத்திலிருந்தும் மலையாளக் கரையிலிருந்தும் வந்தவர்கள். பெட்டாலிங் ஜெயாவில் நம் ஆட்கள் பிரசவத்துக்குப் போன அசுந்தா ஆஸ்பத்திரியைத் தொடங்கியவர்களும் வெளிநாடுகளிலிருந்து வந்த கன்னியாஸ்திரிகளே. வந்தவர் கையால்தான் நம் உயிர் தங்கியது. இது கதையன்று, கணக்கு.

அந்த டிரஸர்மாருக்கு எத்தனையோ காலம் முறையான பதிவு கிடையாது. தோட்டத்திலேயே கற்று, தோட்டத்திலேயே அனுபவம் பெற்றவர்கள் அவர்களில் நிறைய. அதற்காக எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களா? இல்லை. தோட்ட மருத்துவமனை உதவியாளர்களைப் பதிவு செய்வதற்கென்றே 1965-இல் இந்த நாட்டில் ஒரு சட்டம் வந்தது. கைப்பழக்கத்தை ஏட்டில் ஏற்ற ஒரு வழி பிறந்தது. ஆகவே வேறு பாதையில் கற்றவரை எடைபோட்டுப் பார்த்துச் சேர்த்துக்கொள்வது நமக்குப் புதிய காரியம் இல்லை.

பச்சைப் பிள்ளைகளாய்ப் போனவர்கள்

இப்போது மறுபக்கம். நம் பெண்பிள்ளைகளே அந்நிய நாட்டில் இப்படி நின்ற கதை உண்டு.

1960-களிலும் 70-களிலும் பிரிட்டனில் தாதியர் பற்றாக்குறை. மலேசியாவிலிருந்து சீன, இந்திய, மலாய்ப் பெண்கள் ஏராளமாகப் பயிற்சிக்குப் போனார்கள். பதினெட்டு, பத்தொன்பது வயது. கம்பளிச் சட்டை வாங்க அப்பா கூட்டுப் பணம் எடுத்திருப்பார். அங்கே இரண்டு விதப் பயிற்சி இருந்தது. மூன்று ஆண்டு படித்தால் பதிவு பெற்ற தாதி. இரண்டு ஆண்டு படித்தால் பட்டியலில் சேர்ந்த தாதி. இது ஒரு படி கீழே. இந்த வித்தியாசம் போகும்போது பலருக்குத் தெரியாது. வெளிநாட்டிலிருந்து வந்த பெண்களில் நிறையப் பேரை இரண்டாண்டு வகுப்பிலேயே உட்கார வைத்தார்கள். நோயாளியின் பக்கத்தில் நின்று செய்யும் வேலையில் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் அந்தச் சான்றிதழை வைத்துக்கொண்டு வார்டுக்குத் தலைமைத் தாதியாக முடியாது. பிறந்த நாட்டுக்குத் திரும்பினாலும் அதற்கு முழு மதிப்பு இல்லை.

1980-களின் கடைசியில் பிரிட்டன் தன் தாதியர் படிப்பை மாற்றியமைத்தது. இரண்டாண்டுப் பயிற்சியைப் படிப்படியாக மூடிவிட்டார்கள். அப்போது ஏற்கெனவே வேலையில் இருந்தவர்களுக்கு ஒரு பாலம் போட்டார்கள். பழைய சான்றிதழ் உள்ளவர்கள் குறிப்பிட்ட காலம் படித்து, விட்டுப்போன பாடங்களை முடித்து, முழுப் பதிவு பெறலாம். முதலிலிருந்து மூன்று ஆண்டும் படிக்கத் தேவையில்லை. இடங்கள் குறைவு; காத்திருந்தவர்கள் மிகுதி. என்றாலும் அந்தப் பாலம் ஏறியவர்கள் தங்கள் தொழிலில் மேலே போனார்கள்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. அந்தப் பெண்களின் அறிவு ஒரே நாளில் கூடிவிடவில்லை. இருந்த அறிவை ஏற்றுக்கொண்டு, இல்லாததை மட்டும் சேர்த்தார்கள். உதவி என்றால் அதுதான்.

ஏன் அப்படியே சேர்த்துக்கொள்ள முடியாது?

“படித்தவர்தானே, நேராக வேலைக்குச் சேர்த்தால் என்ன?” என்று கேட்பவர்களும் உண்டு. அதுவும் சரியில்லை. சர்க்கரைக் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 10 என்பதை 10 மில்லிகிராம் என்று நினைத்து, நோயாளி மயங்கப் போகிறார் என்று சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தால் என்ன ஆகும்?

மருந்தின் பெயரும் ஊருக்கு ஊர் மாறும். நாம் காய்ச்சலுக்கு விழுங்கும் பாராசிட்டமோலுக்கு அமெரிக்காவில் அசிட்டமினோஃபென் என்று பெயர். மூச்சுத் திணறலுக்கு உறிஞ்சும் சல்பியுட்டமோல் அங்கே அல்பியுட்டரோல். உயிர் காக்கும் அட்ரினலின் ஊசி அங்கே எப்பினெஃப்ரின். மருந்து ஒன்று, பெயர் இரண்டு. அவசர நேரத்தில் பெயர் குழம்பினால் ஆள் போய்விடுவார்.

மொழியும் அப்படியே. கம்பத்துப் பாட்டி ‘அங்கின்’ என்று சொன்னால் அது வெறும் காற்று மட்டுமில்லை. வயிற்று உப்புசம், நெஞ்சடைப்பு, உடம்பு அலுப்பு எல்லாவற்றுக்கும் அந்த ஒரு சொல் போதும். அகராதியைப் பார்த்துக் ‘காற்று’ என்று எழுதிக்கொள்ளும் டாக்டர் மாரடைப்பைத் தவறவிடலாம். ஆகவே சட்டமும் தேர்வும் வேண்டியவைதாம். அவை நோயாளிக்குப் போட்ட வேலி. நம் பிள்ளை ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கும்போது அந்த வேலி இருக்க வேண்டும் என்றுதான் நாமும் கேட்போம்.

வேலியை யாரும் பிடுங்க வேண்டாம். வேலியில் ஒரு படல் வேண்டும். படலைத் திறக்கும் முறையைச் சொல்லித்தர ஒருவர் வேண்டும்.

மற்ற நாடுகளில் என்ன செய்தார்கள்?

மூன்று ஊர்களைச் சொல்கிறேன். மூன்றும் மூன்று விதம்.

முதலாவது அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ நகரம். அங்கே 2001-இல், வேறு நாட்டில் படித்து வந்த சுகாதார ஊழியர்களுக்கென்று ஒரு நிலையம் தொடங்கினார்கள். ஒரு பல்கலைக்கழகமும் ஒரு நகரக் கல்லூரியும் சேர்ந்து நடத்தியது. அதன் பெயரையே ‘மீண்டும் வருக’ என்று பொருள்படும்படி வைத்தார்கள். அங்கே முக்கியமான ஆள் வழிகாட்டிதான். வருகிறவரோடு அவர் உட்கார்ந்து, நீ என்ன படித்தாய், எத்தனை ஆண்டு வேலை செய்தாய், எந்தத் தாள் கையில் இருக்கிறது, எது இல்லை என்று ஒவ்வொன்றாய்ப் பார்ப்பார். எந்தத் தேர்வு, எந்த வகுப்பு, எவ்வளவு செலவு, எவ்வளவு காலம் என்று எழுதிக் கொடுப்பார். திரும்ப டாக்டராக முடியாத நிலையில் இருப்பவருக்கு, சுகாதாரத் துறையிலேயே வேறு எந்த வேலை பொருந்தும் என்றும் காட்டுவார். பிறகு மற்ற நகரங்களிலும் இப்படிப்பட்ட நிலையங்கள் வந்தன.

இரண்டாவது பிரிட்டனில் சால்ஃபர்ட். மான்செஸ்டருக்குப் பக்கத்து ஊர். அகதிகளாய் வந்த டாக்டர்களுக்காக 2003-இல் ஆஸ்பத்திரியோடு சேர்ந்தே ஒரு பயிற்சி நிலையம் அமைத்தார்கள். ஆங்கிலம், நோயாளியிடம் பேசும் முறை, கெட்ட சேதியைச் சொல்லும் முறை, அந்நாட்டு ஆஸ்பத்திரியின் நடைமுறை எல்லாம் சொல்லிக் கொடுக்கிறார்கள். தங்கள் நாட்டில் அறுவை மேசையில் நின்றவர்கள் பள்ளிப் பிள்ளைகள்போல் பெஞ்சில் உட்கார்ந்து கற்கிறார்கள். அதில் இழுக்கு ஒன்றுமில்லை. ஒரு டாக்டரைப் புதிதாய் உருவாக்க ஆகும் செலவைப் பார்த்தால், வந்தவரைத் தயார் செய்யும் செலவு அதில் சிறு பங்கே.

மூன்றாவது கனடாவில் ஒண்டாரியோ மாநிலம். டொரொண்டோவும் ஸ்கார்பரோவும் அங்கேதான் இருக்கின்றன. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு இலங்கைத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் போய்க் குடியேறிய இடம். அவர்களில் டாக்டர்களும் தாதியரும் இருந்தார்கள். படித்த வேலை கிடைக்காமல் தொழிற்சாலையிலும் கடையிலும் நின்றவர்கள் அவர்களில் உண்டு. 2001-இல் டொரொண்டோவில், வெளிநாட்டில் படித்த தாதியருக்கு உதவவென்றே ஒரு நிலையம் தொடங்கியது. 2006-இல், தொழிற்பதிவு வாரியங்கள் விண்ணப்பங்களை நியாயமாகவும் வெளிப்படையாகவும் நடத்த வேண்டும் என்று மாநிலமே சட்டம் போட்டு, அதைக் கண்காணிக்க ஓர் ஆணையரையும் நியமித்தது.

அங்கே ஒரு பெரிய சிக்கல் இருந்தது. அண்மைக்கால அனுபவம் இருந்தால்தான் பதிவு. பதிவு இருந்தால்தான் வேலை. வேலை இல்லாததால் அனுபவம் பழசாகிறது. அனுபவம் பழசானதால் வேலை கிடைப்பதில்லை. செக்கு மாடு போல் சுற்றி வர வேண்டியதுதான். கோவிட் காலத்தில் ஆள் பற்றாக்குறை கழுத்தை நெரித்தபோது, 2022-இல் ஒரு வழி கண்டார்கள். வெளிநாட்டுத் தாதியை ஆஸ்பத்திரியிலேயே ஒரு மூத்த தாதியின் கண்காணிப்பில் வேலை செய்ய விட்டார்கள். அந்த வேலையே அனுபவத்துக்கும் மொழிக்கும் சாட்சியாயிற்று. அந்த வழியில் ஆயிரக்கணக்கானோர் பதிவு பெற்றிருக்கிறார்கள்.

சான் பிரான்சிஸ்கோவில் வழி சொல்ல ஆள் வைத்தார்கள். சால்ஃபர்டில் படிக்க இடம் கொடுத்தார்கள். ஒண்டாரியோவில் கண்காணிப்போடு வேலை கொடுத்தார்கள். எந்த ஊரிலும் நோயாளியின் பாதுகாப்பைக் குறைக்கவில்லை.

நம் நாட்டில் நிலைமை

நம் நாட்டில் டாக்டர்களுக்கு 1971-ஆம் ஆண்டு மருத்துவச் சட்டம் இருக்கிறது. அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகங்களின் பட்டியல் ஒன்று உண்டு. பட்டியலில் இல்லாத கல்லூரியில் படித்தவர் தகுதித் தேர்வு எழுதித் தேற வேண்டும். தாதியருக்கு 1950-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் மலேசியத் தாதியர் வாரியம். வெளிநாட்டில் படித்தவர் அதன் அனுமதி இல்லாமல் இங்கே தாதியாக வேலை செய்யக்கூடாது.

இந்த வாசலில் நின்றவர்கள் அந்நியர் மட்டுமில்லை. 2005-இல் கிரைமியா அரசு மருத்துவப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்திருந்த அங்கீகாரத்தை நம் அரசாங்கம் திரும்பப் பெறுவதாக அறிவித்தபோது, இந்தியக் குடும்பங்கள் எவ்வளவு கலங்கின என்பது பலருக்கு நினைவிருக்கும். வீட்டை அடகு வைத்துப் பிள்ளையை அனுப்பிய பெற்றோர் அதில் இருந்தார்கள். பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்க்காமல் பிள்ளையை வெளிநாட்டுக்கு மருத்துவம் படிக்க அனுப்பாதீர்கள் என்று அன்றிலிருந்து நான் பெற்றோரிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

திருச்சித் தாதியைப் போன்ற மனைவிமாருக்கு இன்னொரு பூட்டும் உண்டு. கணவர் குடிமகன், இவர் வைத்திருப்பதோ நீண்டகால வருகை பாஸ். வேலை செய்ய வேண்டுமானால் குடிநுழைவுத் துறையின் அனுமதி வேண்டும். ஆக ஒரு பூட்டுக்குக் குடிநுழைவுத் துறை, மறு பூட்டுக்குத் தாதியர் வாரியம். ஒரு சாவியை மட்டும் தேடிக் களைத்துப் போகிறவர்கள் நிறைய.

அகதிகளின் பாடு இதைவிடக் கடினம். 1951-ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் மலேசியா கையெழுத்திடவில்லை. 2021 பிப்ரவரியில் மியன்மாரில் இராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது, முதலில் வேலையை நிறுத்தி எதிர்ப்புக் காட்டியவர்கள் ஆஸ்பத்திரி டாக்டர்களும் தாதியருமே. அதன் விளைவாக வேலையை இழந்தவர்களும் நாட்டைவிட்டு ஓடியவர்களும் பலர். சுங்கை வேயில் 1972-இல் தொழிற்பேட்டை திறந்தபோது தோட்டத்துப் பெண்கள் பஸ் பிடித்து வேலைக்குப் போனார்கள். இன்று அந்தப் பக்கம் ஷிப்ட் முடிந்து வரும் கூட்டத்தில் நேப்பாளம், வங்காளதேசம், மியன்மார், இந்தோனேசியா எல்லாம் கலந்திருக்கிறது. அந்தத் தலைகளில் எதற்குள் என்ன படிப்பு இருக்கிறதோ, யார் கண்டார்கள்?

நாம் செய்யக்கூடியவை

சட்டத்தை மாற்றும் அதிகாரம் நம் கையில் இல்லை. ஆனால் நம் வீட்டு மருமகளுக்கும் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கும் செய்யக்கூடிய காரியங்கள் இருக்கின்றன.

முதல் காரியம் காகிதம். சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், சொந்த மாநிலத் தாதியர் குழுமத்தின் பதிவுச் சீட்டு, வேலை செய்த ஆஸ்பத்திரியின் அனுபவக் கடிதம், ஒழுங்கு நடவடிக்கை எதுவும் இல்லை என்று குழுமம் தரும் நற்சான்று ஆகிய எல்லாவற்றையும் ஒரு கோப்பில் சேருங்கள். தமிழர்களுக்கென்றே ஒரு தொல்லை உண்டு. சான்றிதழில் அப்பா பெயரின் முதல் எழுத்து மட்டும் இருக்கும். பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப் பெயர் இருக்கும். கல்யாணப் பதிவிலோ கணவர் பெயர் ஏறியிருக்கும். மூன்றும் ஒரே ஆள்தான் என்று எந்த அதிகாரிக்கும் தானாகத் தெரியாது. அதற்கு உறுதிமொழிப் பத்திரம் ஒன்று முன்கூட்டியே எடுத்து வைத்தால் பிறகு அலைய வேண்டாம். மணமாகி வரப்போகும் பெண்ணாக இருந்தால், ஊரைவிட்டுக் கிளம்புமுன்பே எல்லாத் தாளையும் வாங்கிக்கொண்டு வரச் சொல்லுங்கள். கடல் கடந்த பிறகு ஒரு முத்திரை வாங்க ஆறு மாதம் ஆகும்.

இரண்டாவது மொழி. இதற்கு ஆசிரியர் வீட்டிலேயே இருக்கிறார். நான்காம் ஆண்டு படிக்கும் மகள் அம்மாவுக்கு மலாய் கற்றுக் கொடுக்கலாம். “சாக்கிட் டி மானா?” எங்கே வலிக்கிறது? “செஜாக் பிலா?” எப்போதிலிருந்து? தினம் பத்து வாக்கியம் போதும். எங்கள் பள்ளிப் பெண் இதைச் செய்கிறாள். அம்மா தப்பாகச் சொன்னால் டீச்சரைப் போலவே இடுப்பில் கை வைத்துக்கொண்டு திருத்துகிறாளாம்.

மூன்றாவது நேரம். மாமியார்மாரே, இது உங்களுக்கு. தினம் இரண்டு மணி நேரம் பேரப்பிள்ளையை நீங்கள் பார்த்துக்கொண்டால் அவள் புத்தகத்தைத் திறப்பாள். மருமகள் படிப்பது நமக்கு எதற்கு என்று நினைக்காதீர்கள். உங்கள் காலில் புண் வந்தால் முதலில் பார்க்கப் போகிறவள் அவள்தான்.

நான்காவது, எச்சரிக்கை. “நர்ஸ்தானே, இந்த ஊசியைப் போட்டு விடேன்” என்று யாரும் அவளிடம் கேட்காதீர்கள். பதிவில்லாமல் மருத்துவம் பார்ப்பது சட்டப்படி குற்றம். உங்களுக்குச் செய்த உதவி அவளுடைய எதிர்காலத்தையே மூடிவிடலாம். முதலுதவி வேறு, சிகிச்சை வேறு. கைவிட்டுப் போகாமல் பழக்கம் வைத்துக்கொள்ள நினைப்பவர், பாஸில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டு, செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ், செம்பிறைச் சங்கம் போன்றவற்றில் சம்பளமில்லாத தொண்டுக்கு இடமுண்டா என்று கேட்டுப் பார்க்கலாம்.

ஐந்தாவது, தரகர். “எனக்கு உள்ளே ஆள் தெரியும், ஐயாயிரம் வெள்ளி கொடு” என்பவனிடம் காசு கொடுக்காதீர்கள். வாரியத்திடம் நேரில் கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள், பதிலை எழுத்திலேயே வாங்குங்கள். போகும்போது கணவர் கூடப் போகட்டும். புது நாட்டு அலுவலகக் கவுண்டரில் தனியாக நிற்பவளுக்குப் பாதி அறிவு பயத்திலேயே கரைந்துவிடும்.

இனி நம் சங்கங்களுக்கும் கோயில் நிர்வாகங்களுக்கும் ஒரு வார்த்தை. கிள்ளானிலும் பிரிக்ஃபீல்ட்ஸிலும் ஓய்வுபெற்ற மிஸ்ஸிமார் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்களில் பிரிட்டனில் பயிற்சி பெற்றுத் திரும்பியவர்களும் உண்டு. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மண்டபத்தில் நான்கு நாற்காலி போட்டு, வெளிநாட்டில் படித்து வந்த பெண்களோடு அவர்களை உட்கார வையுங்கள். இந்த ஊர் மருந்துப் பெயர், அளவுகள், வார்டு நடைமுறை, எந்தப் பாரத்தை எங்கே கொடுப்பது என்பதையெல்லாம் அவர்கள் சொல்லிக் கொடுப்பார்கள். சான் பிரான்சிஸ்கோவில் பல்கலைக்கழகம் செய்த காரியத்தின் முதல் படியை நான்கு நாற்காலியும் ஒரு கேத்தல் தேநீரும் செய்துவிடும்.

எல்லாருக்கும் பழைய வேலை திரும்பக் கிடைத்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். சிலருக்கு வயது தாண்டியிருக்கும். சிலருக்குச் சட்டம் இடம் கொடுக்காது. ஆனால் முயன்று பார்த்து முடியவில்லை என்பது ஒன்று. வழி தெரியாமல், கேட்க ஆளில்லாமல், நான் ஒன்றுக்கும் உதவாதவள் என்று மூலையில் உட்கார்ந்து போவது வேறு. இரண்டாவது நம் கண் முன்னால் நடக்கக்கூடாது.

இன்று தோட்டப்புறத்துப் பிள்ளைகள் தாதியர் படிப்பு முடித்துச் சிங்கப்பூருக்கும் சவூதிக்கும் பிரிட்டனுக்கும் போகிறார்கள். அவர்களும் ஏதோ ஒரு வார்டில், தெரியாத ஓர் எண்ணைப் பார்த்துத் திகைத்து நிற்பார்கள். பக்கத்தில் இருப்பவள் சிரிக்காமல், “அது அப்படியில்லை தங்கச்சி, இப்படிக் கணக்குப் போடு” என்று சொல்ல வேண்டும் என்றுதானே நாம் வேண்டிக்கொள்வோம்? ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பது பெரியவர்கள் சொல்.

உங்கள் வரிசையில், உங்கள் அடுக்குமாடியில், வேறு நாட்டில் டாக்டராகவோ தாதியாகவோ மருந்தாளராகவோ இருந்து வந்தவர் யாராவது இருக்கிறார்களா? இந்த வாரம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். “அங்கே என்ன வேலை செய்தீர்கள்?” என்று கேட்க ஆளில்லாமலே பல வருஷம் இருந்தவர்கள் இருக்கிறார்கள். பதில் சொல்லும்போது அவர்கள் முகத்தைக் கவனியுங்கள்.